கூதிரில் 60 நாள், 59 படம்: ஸ்டுடியோவுக்கு வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

வத்தலக்குண்டில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். பாஸ்போர்ட் போட்டோ, காதுகுத்து, கல்யாணம், இதில்தான் பிழைப்பு. போன ஐப்பசி முதல் தேதி தொடங்கி கார்த்திகை கடைசி வரைக்கும் பழனி மலையில் சுற்றி, நாளுக்கு ஒரு படம் என்று எடுத்தேன். கொடைக்கானல், வில்பட்டி, பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், பண்ணைக்காடு, தாண்டிக்குடி என்று பஸ் போன பக்கமெல்லாம் போனதுதான், பெரிய திட்டம் எதுவும் இல்லை. படங்களை நாலுக்கு ஆறு அங்குலத்தில் பிரிண்ட் போட்டு, ஸ்டுடியோ முன்னறையில் ஆறு கயிறு கட்டி, கயிற்றுக்குப் பத்தாகக் கிளிப்பில் மாட்டியிருக்கிறேன்.

பாஸ்போர்ட் போட்டோவுக்குக் காத்திருப்பவர்கள் அதைப் பார்ப்பார்கள், கேட்பார்கள். ஒரே பதிலை நாற்பது தடவை சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைத்துவிடுகிறேன். கேள்விகள் கேட்டவர் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

"நம்ம ஊர்ல ஏதுண்ணே இலையுதிர்காலம்? அதெல்லாம் அமெரிக்காவுலல்ல வரும்?"

சரியான கேள்வி. முதலில் சுவரில் "இலையுதிர்காலப் பயணம்" என்றுதான் எழுதி ஒட்டினேன். மூன்றாம் நாளே ஒரு ரிட்டயர்டு தமிழ் வாத்தியார் பார்த்துவிட்டு, "இந்தப் பேரை எங்கேயிருந்து பிடிச்சீங்க, தம்பி?" என்று கேட்டார். கிழித்துவிட்டு "கூதிர்" என்று எழுதினேன்.

பழைய தமிழ்க் கணக்கில் வருடம் ஆறு பருவம். ஆவணி புரட்டாசி கார், ஐப்பசி கார்த்திகை கூதிர், அப்புறம் முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். மலை சார்ந்த குறிஞ்சி நிலத்துக்கு உரிய காலமாக நம் இலக்கணம் முதலில் வைத்திருப்பது கூதிரைத்தான் (முன்பனியும் உண்டு), பொழுதில் நள்ளிரவை. இந்தச் சொல் ஏதோ செய்யுளோடு போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். எங்கள் அப்பத்தா "கூதக்காத்து அடிக்குது, காதைக் கட்டுடா" என்பார். அந்தக் கூதல்தான் இது. மழையும் காற்றும் கலந்த, எலும்புக்குள் போகிற குளிர்.

"அப்ப மலையில இலையே உதிராதா?"

உதிரும், ஆனால் ஊர் கூடி உதிராது. கொடைக்கானல் பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்து டிகிரியில்தான் இருக்கிறது. இங்கே வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணி பத்து நிமிடம் போலத்தான் வித்தியாசம். குளிர்நாடுகளில் பகல் பல மணி நேரம் சுருங்கும். அங்குள்ள மரங்கள் அதை வைத்தே குளிர்காலம் வருவதைக் கண்டுகொண்டு, இலையிலிருக்கும் பச்சையத்தைக் கலைத்துச் சத்தை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. பச்சை போனதும் அடியில் ஒளிந்திருந்த மஞ்சள் வெளியே வருகிறது. நம் சோலைக்காட்டு மரங்களுக்கு அந்த அவசரம் கிடையாது. ஒரு இலை விழும்போது இன்னொன்று துளிர்த்துக்கொண்டிருக்கும். சோலையில் செக்கச்சிவப்பாகத் தெரிவது பெரும்பாலும் இளந்தளிர். 11-ஆவது படத்தைப் பார்த்து "பழுத்த இலையா?" என்று கேட்காதவர் இல்லை. அது பிறந்து சில நாளே ஆன இலை.

வெள்ளைக்காரர் காலத்தில் வந்த பேரி, பிளம்ஸ், பீச் மரங்கள் மட்டும் தங்கள் பழைய ஊர்ப் பழக்கத்தை விடவில்லை. 29-ஆவது படம் வில்பட்டியில் ஒரு வீட்டுக் கொல்லைப் பேரி மரம். பாதி இலை செம்பு நிறம், பாதி மஞ்சள், நாலைந்து மட்டும் பச்சை. இந்த ஐம்பத்தொன்பதில் இலையுதிர்காலம் என்று யாராவது ஒப்புக்கொள்ளும் படம் அது ஒன்றுதான். இந்தக் கதைக்குக் கடைசியில் மறுபடியும் வருவேன்.

அடிவாரத்துக் காட்டில் இலை கொட்டுவது மாசி பங்குனியில். அது குளிருக்காக இல்லை, தண்ணீர் இல்லாமல்.

"தினமும் ஒண்ணே ஒண்ணுதானா? கார்டுலதான் ஆயிரம் படம் எடுக்க இடம் இருக்கே!"

இடம் இருப்பதுதான் தொல்லை. ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் படம் எடுத்துக் கொடுக்கிறேன், பார்ட்டி ஆல்பத்துக்கு நூற்றைம்பது தேர்ந்தெடுக்க மூன்று மாதம் ஆகிறது. நான் தொழில் பழகியது 36 படம் ஓடும் ஃபிலிம் ரோலில். ஒவ்வொரு கிளிக்கும் காசு. அந்தப் பயம் எனக்குத் திரும்ப வேண்டியிருந்தது.

விதி இவ்வளவுதான்: பகலில் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம், படுக்கப் போகும் முன் ஒன்றைத் தேர்ந்துவிட வேண்டும். அப்புறம் மாற்றக் கூடாது. முதல் வாரம் நாளுக்கு எண்பது எடுத்தேன். நாலாவது வாரத்தில் அது ஆறு ஏழு என்று தானாகவே இறங்கிவிட்டது.

"எந்த கேமராண்ணே? என்ன விலை?"

செகண்ட் ஹேண்டில் வாங்கிய மிரர்லெஸ், 35 எம்.எம். லென்ஸ் ஒன்றே ஒன்று. கல்யாணத்துக்கு வைத்திருக்கும் பெரிய கேமராவை மலைக்குக் கொண்டுபோகவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு நின்றால் ஆட்கள் தலையைச் சீவ ஆரம்பித்துவிடுகிறார்கள்.

"போன்ல எடுத்தா ஆகாதா?"

சுவரில் இருக்கும் 59 படங்களில் 14 போனில் எடுத்தவை. எவை என்று கண்டுபிடிக்கச் சொன்னால் இதுவரை ஒருவர்கூடச் சரியாகக் காட்டியதில்லை. நாலுக்கு ஆறு அளவில் வித்தியாசம் தெரியாது.

மூடுபனியில் மட்டும் போன் கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம் செய்யும். மங்கலாக இருப்பதைத் தவறு என்று நினைத்துக்கொண்டு தானே தெளிவாக்கப் பார்க்கும், விளிம்பெல்லாம் கூர்மையாகிப் பனி அழுக்குத் துணி மாதிரி ஆகிவிடும். திரையில் பனி இருக்கும் இடத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியன் குறியைச் சற்று மேலே தள்ளினால் பாதி சரியாகும். எச்.டி.ஆரை அணைத்துவிட்டால் மீதியும்.

"கல்யாண சீசன்ல தொழிலை விட்டுட்டா சுத்துனீங்க?"

விடவில்லை. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் முகூர்த்தம் இருக்கிறதே, விட்டால் வீட்டில் உலை வைப்பது எப்படி? வேலை இருந்த நாட்களில் விடியற்காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு காட் ரோட்டில் டம்டம் பாறை வரை ஏறி, எதையாவது எடுத்துக்கொண்டு முகூர்த்தத்துக்கு முன் மண்டபத்துக்கு வந்துவிடுவேன். இரண்டாவது கயிற்றில் எலிவால் அருவி மூன்று தடவை வருகிறதே, அதற்குக் காரணம் இதுதான். தலையாறு அருவி என்பது அதன் நல்ல பெயர். கிட்டத்தட்ட 300 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது, ரோட்டிலிருந்து பார்த்தால் நிஜமாகவே எலிவால்தான். மழை பெய்த மறுநாள் மட்டும் அது வால் மாதிரி இருக்காது.

மற்ற நாட்களில் ஸ்டுடியோவை மச்சினன் பார்த்துக்கொண்டான். நான் பண்ணைக்காட்டில் மாமா வீட்டில் தங்கிக்கொண்டேன்.

"மூடுபனி எத்தனை மணிக்கு, எங்க கிடைக்கும்?"

ஏதோ கடை திறக்கிற நேரம் மாதிரி கேட்கிறார்கள். ஆனால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. இரவில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தாக்கில் இறங்கித் தேங்கும், பனியும் அங்கேயே கிடக்கும். அதனால் விடியற்காலையில் உச்சி தெளிவாகவும் கீழே மேகக் கடலாகவும் இருக்கும். வெயில் ஏறியதும் சரிவு சூடாகி, காற்று மலையேறத் தொடங்கும். ஏறஏறக் குளிரும். அதிலுள்ள ஈரம் மேகமாகி, பதினொரு மணி வாக்கில் நாம் நிற்கும் இடத்துக்கே வந்துவிடும். ஐப்பசியில் அது பிற்பகல் இடிமழையில் போய் முடியும். மேற்கே இருக்கும் மலைகளுக்கு ஆனி ஆடி சாரல் எப்படியோ, கிழக்குப் பக்கம் நீண்டிருக்கும் பழனி மலைக்கு இந்த வடகிழக்குப் பருவமழை அப்படி.

ஆகவே மேகத்தை மேலிருந்து பார்க்க விடியற்காலை, மேகத்துக்குள் நிற்கப் பதினொரு மணி. கோக்கர்ஸ் வாக்கில் இன்னொன்றும் உண்டு. கோக்கர் என்ற ஆங்கிலேய அதிகாரி 1872-இல் மலை விளிம்பில் போட்ட நடைபாதை அது. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருந்து, எதிரே பள்ளத்தில் மேகம் நின்றால், உங்கள் நிழல் மேகத்தின்மேல் பூதாகாரமாக விழும், தலையைச் சுற்றி வானவில் வளையத்தோடு. வேடிக்கை என்னவென்றால், பக்கத்தில் பத்துப் பேர் நின்றாலும் அவரவர் தலையைச் சுற்றித்தான் அவரவருக்கு வளையம் தெரியும். 60 நாளில் எனக்கு ஒரே தடவை வாய்த்தது, அதுவும் அரை நிமிடம். 38-ஆவது படம்.

"பனிமூட்டத்துல நான் எடுத்தா மட்டும் எல்லாம் சாம்பலாவே வருது. ஏன்?"

கேமராவுக்கு வெள்ளை எது, சாம்பல் எது என்று தெரியாது. எதைக் காட்டினாலும் சராசரி சாம்பல் என்று வைத்துக்கொண்டு வெளிச்சத்தைக் கணக்குப் போடும். பனி அதைவிட வெளுப்பு. "அதிக வெளிச்சம்" என்று நினைத்துக் குறைத்துவிடுகிறது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா போட்ட வெளிச்சக் கணக்கை நாம் கூட்டிக் குறைக்கும் வசதி) கூட்டல் பக்கம் முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை நகர்த்துங்கள். வெள்ளை வேட்டி மாப்பிள்ளையை வெள்ளைச் சுவர் முன் நிறுத்தும்போது நாங்கள் செய்வதும் இதுதான். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் பகல் வெளிச்சத்துக்கு வைத்தால் பனியின் நீலம் அப்படியே நிற்கும்.

இன்னொன்று, முன்னால் கருப்பாக ஏதாவது வேண்டும். ஒரு கம்பம், ஒரு மாடு, குடை பிடித்த ஆள். ஒன்றுமில்லாத பனியை எடுத்தால் ஒன்றுமில்லாத படம்தான் வரும்.

"அந்த மழையில கேமரா கெட்டுப்போகலையா?"

மழையில் கெடவில்லை, கேமரா மேல் பாலித்தீன் பையைக் கவிழ்த்து ரப்பர் பேண்ட் போட்டால் போதும். கெட்டது வேறு மாதிரி. சில வருடம் முன்பு ஒரு லென்ஸை ஈரப் பையோடு இரண்டு மாதம் அலமாரியில் போட்டுவிட்டேன். எடுத்துப் பார்த்தால் கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. சுத்தம் செய்யக் கொடுத்த கடையில் பூஞ்சையை எடுத்துவிட்டு ஒரு கீறலைப் போட்டுக் கொடுத்தார்கள். கேட்டதற்கு "முன்னமே இருந்துச்சு" என்றார்கள். சரி, என் சோம்பேறித்தனத்துக்கு அபராதம் என்று விட்டுவிட்டேன்.

இப்போது காற்றுப் புகாத சாப்பாட்டு டப்பா, சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. அறுபது சதவீதத்துக்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். அரிசி மூட்டையில் போட்டு வைக்காதீர்கள், தவிட்டுத் தூசி உள்ளே போகும்.

குளிரிலிருந்து சூட்டுக்கு வரும்போதுதான் லென்ஸ் வேர்க்கும். நமக்கு அந்தக் கண்டம் மலையில் இல்லை, மலையிறங்கும்போது. கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல், வத்தலக்குண்டு முந்நூற்றுச் சொச்சம். பத்து டிகிரிக்கு மேல் வித்தியாசம். இறங்கியதும் பையைத் திறக்காமல் ஒரு மணி நேரம் அப்படியே வையுங்கள், கேமரா மெதுவாக ஊருக்குப் பழகட்டும்.

"19-ஆவது கிளிப்புல ஏன் வெறும் வெள்ளைப் பேப்பர் தொங்குது? அதுவும் மூடுபனியா?"

இந்த நக்கலை வாரம் ஒருவராவது அடித்துவிடுகிறார். அன்றைக்குக் காய்ச்சல். மாமா வீட்டில் கசாயம் குடித்துவிட்டுப் படுத்தவன் எழுந்தபோது மறுநாள் காலை. படம் இல்லை. முந்தின நாள் எடுத்ததில் நல்லது ஒன்று மிச்சம் இருக்கத்தான் செய்தது. மச்சினன் அதைப் போட்டுவிடச் சொன்னான். போட்டிருப்பேன், கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நினைவுக்கு வராமல் இருந்திருந்தால்.

ஏரிக்கு மேலே மேட்டில் இருக்கிறதே, அந்த ஆய்வகம். 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் இந்தப் பக்கமெல்லாம் சனம் கொத்துக்கொத்தாகச் செத்தது. மழை ஏன் பொய்க்கிறது, சூரியனுக்கும் பருவமழைக்கும் சம்பந்தம் உண்டா என்ற கேள்வி அதற்குப் பிறகுதான் பலமாக எழுந்தது. சூரியனைத் தொடர்ந்து கவனிக்க ஓர் இடம் வேண்டும் என்று தேடி, 1899-இல் கொடைக்கானலில் ஆய்வகம் அமைத்தார்கள். 1904-லிருந்து சூரியனைத் தினசரி படம் பிடிக்கிறார்கள். முதலில் கண்ணாடித் தகடு, அப்புறம் ஃபிலிம். பழையதையெல்லாம் இப்போது டிஜிட்டலாக மாற்றி வைத்திருக்கிறார்கள். 1909-இல் ஜான் எவர்ஷெட் சூரியப் புள்ளியிலிருந்து (சூரியன்மேல் கருப்பாகத் தெரியும் திட்டு) வாயு வெளிப்பக்கமாக ஓடுகிறது என்று கண்டுபிடித்தது இங்கேதான், இன்றைக்கும் உலகம் முழுக்க அதற்கு அவர் பெயர்தான்.

நான் சொல்ல வந்தது இது. நாளுக்கு ஒரு படம் என்பதை இந்த மலையில் நூறு வருடத்துக்கு மேல் செய்துகொண்டிருக்கிறார்கள், அதுவும் ஒரே பொருளை. மேகம் மூடிய நாளில் சூரியப் படம் கிடையாது, அந்த நாள் காலிதான். நேற்றைய சூரியனை எடுத்து இன்றைய இடத்தில் ஒட்டினால் புள்ளி நகர்ந்த கணக்கே தப்பாகிவிடும். என் படத்தை நம்பி யாரும் கணக்குப் போடப் போவதில்லை என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் வெள்ளைப் பேப்பர் தொங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

"சரி, மறுநாள் எடுத்ததை நேத்து எடுத்ததுன்னு மாட்டியிருந்தா யாருக்குண்ணே தெரியும்?"

கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் தேதியையும் மணியையும் எழுதி வைத்துவிடுகிறது, அதனால் என் கம்ப்யூட்டரைத் திறப்பவருக்குத் தெரியும். அதையும் மாற்றலாம்தான். கேமரா கடிகாரத்தைத் தள்ளி வைத்தாலே போதும். ஆக, தெரியாது என்பதுதான் நேர்மையான பதில்.

ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. 41-ஆவது படம், பஸ் ஸ்டாண்டில் அணைந்த அடுப்புப் பக்கம் நாய் சுருண்டு கிடப்பது, இரவு 12.20-க்கு எடுத்தது. கேமரா கணக்கில் அது 42-ஆம் நாள். ஆனால் நம் பஞ்சாங்கத்தில் நாள் தொடங்குவது நள்ளிரவில் இல்லை, சூரிய உதயத்தில். ஐப்பசி, கார்த்திகை என்று தமிழ்த் தேதியில் கணக்கு வைத்துவிட்டு நேரத்துக்கு மட்டும் இங்கிலீஷ் கடிகாரத்தைப் பார்ப்பானேன் என்று 41-லேயே மாட்டிவிட்டேன். இதை ஏமாற்று என்று சொல்பவர்களும் உண்டு. வாத்தியார் மட்டும் என் கட்சி.

"தீபாவளி அன்னிக்குமா போனீங்க? வீட்டுல ஒண்ணும் சொல்லலையா?"

சொன்னார்கள். எழுதுகிற மாதிரி இல்லை.

"குறிஞ்சிப்பூ ஒண்ணைக்கூடக் காணோமே?"

பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பூக்கும் நீலக்குறிஞ்சி 2006-இல் பூத்தது, 2018-இல் பூத்தது, அடுத்து 2030. "இப்பப் போனா பார்க்கலாம்" என்று யாராவது சொல்லிக் கூட்டிப்போனால் நம்பாதீர்கள். குறிஞ்சிக் குடும்பத்தில் வேறு கணக்கில் பூக்கும் செடிகளும் உண்டு, காட்டுவது அவற்றில் ஒன்றாக இருக்கும். இந்தப் பருவத்தில் காட் ரோடு ஓரமெல்லாம் மஞ்சளாகப் பூத்துக் கிடப்பது காட்டுச் சூரியகாந்தி, வெளிநாட்டிலிருந்து வந்து பரவியது. படத்துக்கு அழகுதான், மலைக்கு அவ்வளவு நல்லதில்லை. 8-ஆவது படத்தில் இருக்கிறது.

"இது பூம்பாறைதானே? இந்தப் படத்தை எல்லாரும்தான் எடுக்கிறாங்க, நீங்க என்ன புதுசா எடுத்தீங்க?"

பூம்பாறைக்குப் போகும் வழியில் ரோட்டோரம் வண்டிகள் வரிசையாக நிற்கும் இடம் ஒன்று உண்டு. அங்கிருந்து பார்த்தால் ஊர் முழுக்க ஒரே பார்வையில், படிப்படியாகப் பாத்திகள், நடுவில் ஓட்டு வீடுகள், கோயில். நானும் முதல் தடவை அங்கேதான் நின்றேன், 5-ஆவது படம் அதுதான். நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதில் பூண்டு வாசனை இல்லை.

அடுத்த தடவை ஊருக்குள் இறங்கினேன். மலைப்பூண்டுக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதன் காரமும் நாள்பட இருக்கும் குணமும் பேர் பெற்றவை. மேலிருந்து பார்த்தால் கோலம் மாதிரி தெரிகிற அந்தப் பாத்தி வரிசை, கீழே நின்றால் குனிந்த முதுகுகளின் வரிசை. ஒரு வீட்டில் அடுப்புக்கு மேலே பூண்டுக் கொத்துகள் புகை படியத் தொங்கின. விதைக்கு எடுத்து வைத்ததாம். ஓட்டு இடுக்கு வழியாக ஒரு கோடு வெயில் அந்தப் புகைக்குள் விழுந்தது. அதுதான் 22-ஆவது படம். ரோட்டு மேலே நின்றிருந்தால் இது எனக்குக் கிடைத்திருக்காது. மலைக்கு எத்தனை தடவை போனாலும் ஊருக்குள் இறங்காமலே திரும்பிவிடுகிறோம், நானும்தான் இருபது வருடமாக அப்படித் திரும்பியவன்.

"அந்தப் படத்துல அடுப்புகிட்ட இருக்கிற அம்மாவைக் கேட்டுத்தான் எடுத்தீங்களா?"

கேட்டேன். "பூண்டை எடுக்கிறியா, என்னை எடுக்கிறியா?" என்றார். இரண்டும்தான் என்றேன். அப்படியானால் நல்ல சேலை கட்டிக்கொண்டு வருகிறேன், அதில் ஒன்று தனியாக எடுத்துக் கொடு என்று ஒப்பந்தம் போட்டார். அடுத்த வாரம் பிரிண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நல்ல சேலைப் படம் இப்போது அவர் வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில். எனக்குப் பிடித்த படத்தைப் பார்த்து "இது என்ன, கரி அப்பின மாதிரி" என்றார்.

தூரத்தில் நடக்கிறவர், கூட்டத்தில் ஒருவர் என்றால் கேட்பதில்லை. முகம் தெரிந்தால் கேட்பேன், முதலில் கேட்க முடியாமல் போனால் எடுத்த பிறகாவது காட்டுவேன். வேண்டாம் என்றால் அவர் கண் முன்னாலேயே அழித்துவிடுவேன், அப்படி நாலு போயின. பளியர் பழங்குடியினர் குடியிருப்புப் பக்கம் போனபோது கேமராவை வெளியில் எடுக்கவே இல்லை. அவர்களை வேடிக்கைப் பொருள் மாதிரி எடுத்துத் தள்ளியவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர்.

"காட்டுமாடு இவ்வளவு பக்கத்துலயா நின்னுச்சு?"

நான் பஸ்ஸுக்குள் இருந்தேன். அது ரோட்டில். கொடைக்கானல் ஊருக்குள்ளேயே காட்டுமாடுகள் சாதாரணமாக நடமாடும், சாதாரணமாக ஆளையும் முட்டும். கால்நடையாகப் பார்த்தால் படத்தை விடுங்கள், வந்த வழியே மெதுவாகத் திரும்புங்கள்.

"கலரெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்துனதுதானே?"

வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பேன், சாய்ந்திருந்தால் நேராக்குவேன், லென்ஸில் ஒட்டிய மழைத்துளி கெடுத்திருந்தால் எடுப்பேன். கலரை ஏற்றுவதில்லை, வானத்தை மாற்றுவதில்லை. கல்யாண ஆல்பத்தில் பார்ட்டி கேட்டால் சுவிட்சர்லாந்தையே பின்னால் வைத்துக் கொடுக்கிறவன்தான் நான், அதனால் இதை ஒழுக்கம் என்று பெருமையடிக்க முடியாது. இந்த வரிசைக்கு மட்டும் வைத்துக்கொண்ட விதி.

கலர் நன்றாக வருவதற்குப் பாதிக் காரணம் பருவமே. ஐப்பசி கடைசியில் உச்சிவேளையிலும் சூரியன் தலைக்கு நேரே வராது, தெற்கே சாய்ந்து அறுபது டிகிரி உயரத்தில்தான் நிற்கும். மத்தியானத்திலேயே நிழல் கிடைக்கும். மழை தூசியை வேறு கழுவிவிடுகிறது. சித்திரையில் இதே இடத்தில் நின்றால் தூரத்து மலை வெளுத்துப்போன துணி.

"கூக்கால் பக்கம் ஒரு குட்டை இருக்கே, அது சரியா எந்த இடம்ணே? வழி சொல்ல மாட்டேங்குறீங்களே?"

ஊர்ப் பெயர் வரை சொல்வேன், வளைவு எண் சொல்ல மாட்டேன். முன்பு ஒரு தடவை சோலை ஓரத்து ஓடை ஒன்றை நாலு பேருக்குச் சொன்னேன். ஆறு மாதம் கழித்துப் போனால் பிரியாணி டப்பாவும் பாட்டிலும் மிதக்கின்றன. நான் சொன்ன நாலு பேர் போட்டதாக இருக்காது, அவர்கள் சொன்ன நாற்பது பேர். போனில் எடுப்பவர்கள் லொக்கேஷனை அணைத்துவிட்டு எடுங்கள். நாம் சொல்லாததைப் படம் சொல்லிவிடும்.

"நாங்க ஃபேமிலியோட போகணும்னா என்ன செய்யணும்?"

உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-லிருந்து கொடைக்கானலுக்கு வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். ஆன்லைனில் வண்டி எண்ணைக் கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தேவையில்லை. நான் பெரும்பாலும் பஸ்தான், ஜன்னலோரம் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் வேறு இல்லை. பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி வாங்க வேண்டும், யானை நடமாட்டம் இருந்தால் மூடிவிடுவார்கள். ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

இந்தப் பருவத்தில் காட் ரோட்டில் மரம் விழும், மண் சரியும். திரும்பும் நாளில் முகூர்த்தம், பரீட்சை எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். கார்த்திகையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் போனால் காப்பிப் பழம் சிவந்து பறிப்பு நடக்கும், கமலா ஆரஞ்சும் வரத் தொடங்கியிருக்கும். கூட்டம் குறைவு. எனக்கு ஏரியைவிட அந்தப் பக்கம்தான் பிடிக்கும்.

"இவ்வளவு சின்னதா மாட்டியிருக்கீங்களே, ரெண்டு மூணை மட்டும் பெரிசாப் போட்டா விக்குமே?"

விற்கும். கேட்டவர்களுக்குப் போட்டும் கொடுத்திருக்கிறேன், 38-க்குத்தான் கிராக்கி. ஆனால் சுவரில் பெரிதாக்க மாட்டேன். தள்ளி நின்று ஆறு கயிற்றையும் ஒருசேரப் பாருங்கள். முதல் கயிறு முழுக்கப் பச்சை. மூன்றாவது கிட்டத்தட்டச் சாம்பல், மழை நாட்கள். ஐந்தாவதில் வானம் திறக்கிறது, புல்வெளி லேசாகப் பழுக்கிறது. ஆறாவதில் மன்னவனூர்ப் புல் வைக்கோல் நிறம். எந்த ஒரு படத்திலும் பருவம் மாறவில்லை, கயிற்றுக்குக் கயிறு மாறியிருக்கிறது. எடுத்தபோது எனக்கே இது தெரியாது. மாட்டி முடித்துவிட்டு எதிர்ச்சுவரில் சாய்ந்து டீ குடித்தபோதுதான் பார்த்தேன்.

"கடைசிப் படத்துல மரத்துல ஸ்வெட்டர் காயுதே, ஏன் மாமா?"

கேட்டது பக்கத்து வீட்டு ஆறாம் வகுப்புப் பையன். பெரியவர்கள் யாரும் இதைக் கேட்கவில்லை, 60-ஐ எட்டுவதற்குள் அவர்கள் டோக்கன் வந்துவிடுகிறது.

மேலே இரண்டாவது பதிலில் சொன்ன வில்பட்டிப் பேரி மரம்தான் அது, 29-இல் இருக்கும் அதே மரம். கார்த்திகை கடைசி நாள் போனபோது ஒரு இலை பாக்கியில்லை. வெறும் கிளை, அதில் வரிசையாக நாலு ஸ்வெட்டர், ஒரு குல்லா, ஒரு ஜோடி சாக்ஸ். கொடி கட்டாமல் மரத்திலேயே போட்டுவிட்டீர்களே என்று அந்த வீட்டு அக்காவிடம் கேட்டேன். "இலை இருந்தவரைக்கும் இந்தக் கொல்லையில வெயிலே விழாதுங்க. ரெண்டு மாசமாத் துணி காயவே இல்ல. இன்னிக்குத்தான் காயுது" என்றார்.